மருத்துவச் சான்றும் ஓட்டுநர் உரிமமும்: காத்திருப்பு கற்பிக்கும் நிர்வாகப் பாடம்

மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் பாகாலா வட்டாரத்துச் சாலைகளுக்கு ஓய்வு இல்லை. பாகாலா மண்டலத்தைச் சேர்ந்த தாமலசெருவு சந்தையிலிருந்து பழங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவும் பகலும் புறப்படுகின்றன. சில சித்தூரைச் சுற்றியுள்ள பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றன. சில காட்பாடி வழியே தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் வரும் இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பாகப் பாகாலா நெடுங்காலமாகப் பெயர் பெற்றிருந்தாலும், இன்று அவ்வூர் மக்களில் பலருக்கு வாழ்வளிப்பது சாலைப் போக்குவரத்தே. திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் டாக்சி ஓட்டுநர்களும், பால் வண்டி ஓட்டுநர்களும், ஆட்டோ ஓட்டுநர்களும் இவர்களுள் அடங்குவர்.

இவர்கள் அனைவருடைய பிழைப்பும் ஓர் ஆவணத்தை நம்பியிருக்கிறது. அது ஓட்டுநர் உரிமம். அந்த உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். மருத்துவர் பரிசோதித்து முடித்த நாளுக்கும், அச்சான்று கணிப்பொறியில் ஏறி, பரிசீலிக்கப்பட்டு, உரிமம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஒரு காத்திருப்பு இருக்கிறது. சில நாட்களே நீடிக்கும் இந்தக் காத்திருப்பு சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நாட்கூலியை நம்பி வாழும் ஓட்டுநருக்கு அது வருமானமற்ற நாட்களாகும். ஆகவே, இக்காத்திருப்பு எங்கே பிறக்கிறது, அதைக் குறைக்க வழி என்ன என்பதை ஆராய்வது பொதுநிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயனளிக்கும்.

சட்டம் கூறுவது

நமது நாட்டில் மோட்டார் வாகனங்களை ஒழுங்குபடுத்தும் முதல் மையச் சட்டம் 1914-இல் வந்தது. அதன்பின் 1939-ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக் காலம் நடைமுறையில் இருந்தது. இப்போது நடைமுறையிலுள்ள 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் செயல்பட்டு வருகிறது. இச்சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உடற்தகுதிக்கென இரண்டு படிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. முதலாவது, விண்ணப்பதாரர் தமது உடல்நிலை பற்றித் தாமே உறுதி கூறும் படிவம் 1. இரண்டாவது, பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையொப்பமிடும் படிவம் 1-அ. சரக்கு அல்லது பயணிகள் போக்குவரத்து வாகனம் ஓட்டுவோரும், நாற்பது வயதை எட்டிய பிற ஓட்டுநர்களும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்றினை இணைக்க வேண்டும்.

இப்படிவங்களில் கேட்கப்படும் கேள்விகள் எளிமையானவை. ஆயினும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விபத்தின் நிழல் உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையைப் படிக்க இயலுகிறதா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? மாலைக்கண் உண்டா? சாதாரண ஒலி எச்சரிக்கை காதில் விழுகிறதா? வலிப்போ, திடீரென நினைவிழக்கும் நோயோ இருக்கிறதா? கை கால்களின் வலிமை வண்டியைக் கட்டுப்படுத்தப் போதுமானதா? இவையே அக்கேள்விகள். காலத்திற்கேற்ப இவை தளர்த்தப்பட்டும் உள்ளன. நிறக்குருடு இலேசாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்களும் உரிமம் பெறலாம் என 2020 ஜூன் மாதத்தில் விதிகள் திருத்தப்பட்டன.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன; அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இத்துணை உயிர்கள் பலியாகும் நாட்டில் மருத்துவப் பரிசோதனையை வெறும் சடங்காகக் கருத முடியாது. காத்திருப்பைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும்போது, பரிசோதனையைக் குறைக்க வேண்டும் என்பது பொருளன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

முப்பது நாள் இடைவெளி மறைந்தது

காத்திருப்பு முன்பைவிட இப்போது ஏன் கடுமையாக உணரப்படுகிறது என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. பழைய ஏற்பாட்டில், உரிமம் காலாவதியான பின்னும் முப்பது நாட்களுக்கு அது செல்லுபடியாகும் என்ற சலுகை இருந்தது. அலுவலகத்தில் ஏற்படும் தாமதத்தை அந்த முப்பது நாட்கள் தாங்கிக்கொண்டன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இச்சலுகையை நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக, காலாவதிக்கு ஓராண்டு முன்னரும் காலாவதியான ஓராண்டுக்குள்ளும் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என வழி செய்யப்பட்டது. போக்குவரத்து வாகன உரிமத்தின் காலமும் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

இம்மாற்றத்தின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஐம்பத்திரண்டு வயதான லாரி ஓட்டுநர் ஒருவரின் உரிமம் ஜூன் 10-ஆம் நாள் முடிகிறது எனக் கொள்வோம். அவர் ஜூன் 1-ஆம் நாள் மருத்துவரிடம் செல்கிறார், மறுநாள் விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் ஜூன் 20-இல் ஏற்கப்படுகிறது. பழைய முறையில் அவர் ஒரு நாளும் வேலை இழந்திருக்கமாட்டார். இன்றைய முறையில், காலாவதிக்குப் பின்னர் அவர் வண்டியை எடுத்தால் அது உரிமமின்றி ஓட்டியதாகிவிடும். இக்குற்றத்திற்கு மத்தியச் சட்டத்தில் முன்பு 500 ரூபாயாக இருந்த அபராத வரம்பு 5,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அவரை வேலைக்கு அமர்த்திய வண்டி உரிமையாளரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பற்றிய வழக்கிலும் அந்தச் சில நாட்கள் பெரிதாக எழுந்து நிற்கும். உரிமம் முடிந்து ஓராண்டுக்கும் மேல் கடந்துவிட்டாலோ ஓட்டும் திறன் தேர்வையே மறுபடியும் எழுத்துப்பிசகாமல் கடக்க வேண்டும்.

தாளிலிருந்து கணிப்பொறிக்கு

உரிமப் பணிகளை இணையவழிக்குக் கொண்டுவந்தது காத்திருப்பைக் குறைக்கும் நோக்கத்துடன்தான். 1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம், ஓட்டுநர் உரிமங்களுக்கெனச் 'சாரதி' என்ற அமைப்பையும், வாகனப் பதிவுக்கென 'வாகன்' என்ற அமைப்பையும் உருவாக்கியது. ஆந்திரப் பிரதேசம் சில காலம் தனக்கென ஒரு தனி அமைப்பை வைத்திருந்து, பின்னர் தேசிய அமைப்புக்கு மாறிக்கொண்டது. ஆதார் வழி அடையாளம் காட்டி அலுவலகத்திற்கு வராமலேயே பெறத்தக்க 18 சேவைகளை மத்திய அரசு 2021 மார்ச்சில் அறிவித்தது. திறன் தேர்வு தேவைப்படாத உரிமப் புதுப்பித்தல் அவற்றுள் ஒன்று. அதே மாத இறுதியில், மருத்துவச் சான்றினை மின்னணு வடிவில் ஏற்கவும் விதிகளில் இடமளிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் இத்தகைய சேவைகளின் எண்ணிக்கை 58 ஆக உயர்ந்தது.

மின்னணு மருத்துவச் சான்றில் இரு வகை உண்டு. முதல் வகையில், மருத்துவர் தாளில் கையொப்பமிட்ட படிவத்தை விண்ணப்பதாரர் படமெடுத்துப் பதிவேற்றுகிறார். இங்கே கணிப்பொறி ஒரு தபால் பெட்டியாக மட்டுமே பயன்படுகிறது. தாளிலுள்ள விவரங்களை அலுவலகத்தில் ஒருவர் கண்ணால் படித்தே சரிபார்க்க வேண்டும். இரண்டாம் வகையில், பதிவு செய்துகொண்ட மருத்துவர் தமக்கென வழங்கப்பட்ட நுழைவுரிமையைக் கொண்டு முடிவை நேரடியாகச் சாரதி அமைப்பில் ஏற்றுகிறார். போலிச் சான்றுக்கு இதில் இடம் குறைவு. அலுவலகத்தின் வேலையும் குறைவு. ஆனால் மருத்துவர் பதிவேற்றும் வரையில் விண்ணப்பம் நகராது. முன்பு அலுவலகத்தில் இருந்த காத்திருப்பு இப்போது மருத்துவமனைக்கு இடம்பெயர்கிறது.

காத்திருப்பு பிறக்கும் இடங்கள்

விண்ணப்பம் ஒன்று கடந்து செல்லும் படிகளை வரிசைப்படுத்தினால், மருத்துவப் பரிசோதனை, சான்றின் பதிவேற்றம், கட்டணம் செலுத்துதல், ஆவணப் பரிசீலனை, தேவையானால் நேரில் வருகை, உரிமம் வழங்கும் அதிகாரியின் ஒப்புதல், உரிமம் கிடைத்தல் என ஏழு படிகள் கிடைக்கின்றன. இவற்றில் உண்மையான வேலை நடைபெறும் நேரம் மிகக் குறைவு. மருத்துவருக்குச் சில நிமிடங்கள். பரிசீலிக்கும் எழுத்தருக்குச் சில நிமிடங்கள். அதிகாரிக்கு அதனினும் குறைவு. எஞ்சிய நாட்கள் அனைத்தும் விண்ணப்பம் ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்குச் செல்லக் காத்துக்கிடக்கும் நாட்களே.

இதனைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு. வரிசைகளைப் பற்றிய ஆய்வில் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் நிறுவிய அவ்விதி, தேங்கி நிற்கும் எண்ணிக்கையை நாள்தோறும் தீரும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும் என்கிறது. ஓர் அலுவலகம் நாளொன்றுக்கு 40 விண்ணப்பங்களைத் தீர்க்கிறது. 200 தேங்கியுள்ளன எனில் காத்திருப்பு 5 வேலை நாட்கள். பருவகாலத்தில் நாளொன்றுக்கு 50 விண்ணப்பங்கள் வந்து, தீர்ப்பது மட்டும் 40 ஆகவே நீடித்தால், 20 வேலை நாட்களில் தேக்கம் 400 ஆகும்; காத்திருப்பும் 10 நாட்களாக இருமடங்காகும். ஊழியர் எவரும் சோம்பியிராத நிலையிலும் இது நிகழும் என்பதே இக்கணக்கு உணர்த்தும் பாடம்.

தேக்கத்தை வளர்க்கும் மற்றொரு காரணம், குறை கண்டு திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள். பரிசீலிக்கப்படும் நான்கில் ஒன்று திரும்புவதாக வைத்துக்கொண்டால், 40 விண்ணப்பங்களை முடிக்க ஏறத்தாழ 53 முறை பரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். அதாவது, அலுவலகத்தின் வேலை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. திருப்பி அனுப்புதல் விண்ணப்பதாரரை மட்டுமன்றி அலுவலகத்தையும் சேர்த்தே தண்டிக்கிறது.

எல்லைப்புறத்தின் தனிச் சிக்கல்

விண்ணப்பங்கள் திரும்புவதற்கான காரணங்களில் பெயர் வேறுபாடு முக்கியமானது. பாகாலா போன்ற எல்லைப்புறப் பகுதிகளில் இதற்குத் தனிப் பின்னணி உண்டு. சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவாக்கப்பட்டு, பழைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்து, 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் எல்லைச் சீரமைப்பின்படி திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. தெலுங்கும் தமிழும் அருகருகே வாழும் இப்பகுதியில் பெயரிடும் மரபும் இருவகைப்படும். தெலுங்கு மரபில் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் நிற்கும். தமிழ் மரபில் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும். ஒருவரது ஆதாரில் வீட்டுப் பெயர் விரிவாகவும், பழைய உரிமத்தில் முதலெழுத்தாகவும், மருத்துவச் சான்றில் அது இல்லாமலும் இருப்பது அரிதன்று. மனிதக் கண்ணுக்கு மூவரும் ஒருவரே. கணிப்பொறிக்கு அவர்கள் மூவர்.

முகவரியும் இத்தகையதே. வேலூரில் வண்டி பழகி, அங்கேயே உரிமம் பெற்று, இப்போது பாகாலாவில் குடியிருப்பவர் புதுப்பிக்கும்போது முகவரி மாற்றத்தையும் சேர்த்தே கேட்க வேண்டியுள்ளது. அண்மையில் மாவட்ட எல்லையும் மாறியது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் புதிய மாவட்டங்கள் அமைக்கப்பட்டபோது, அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த பாகாலா திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. பழைய ஆவணங்களில் ஒரு மாவட்டப் பெயரும் புதிய ஆவணங்களில் வேறொரு மாவட்டப் பெயரும் இருப்பது இதன் இயல்பான விளைவு. கைபேசி எண்ணை மாற்றிக்கொண்ட ஓட்டுநர்களுக்கோ, விண்ணப்பம் திரும்பியது என்ற செய்தியே வந்து சேர்வதில்லை. ஏற்கப்படும் என அவர்கள் காத்திருக்கிறார்கள்; அலுவலகமோ அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

கணிப்பொறி நின்றபோது

இணையவழி முறையின் பலவீனம் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. ஜனவரி 31 முதல் பிப்ரவரி 12 வரை சாரதி அமைப்பில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டு, விண்ணப்பிக்க இயலாமல் பலர் தவித்தனர். இந்நாட்களில் காலாவதியான பழகுநர் உரிமம், ஓட்டுநர் உரிமம், நடத்துநர் உரிமம் ஆகியவை அபராதமின்றி 2024 பிப்ரவரி 29 வரை செல்லுபடியாகும் என மத்திய அமைச்சகம் அறிவித்தது. இதற்கு முன்னர், கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 பிப்ரவரி 1-க்குப் பின் காலாவதியான ஆவணங்களின் காலம் படிப்படியாக நீட்டிக்கப்பட்டு 2021 அக்டோபர் 31 வரை செல்லுபடியாக இருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரு கொள்கையை உறுதிப்படுத்துகின்றன: தாமதம் குடிமகனால் ஏற்படாதபோது அதன் சுமையை அவன்மீது ஏற்றலாகாது. நாடு முழுவதும் அமைப்பு நின்றபோது ஏற்கப்பட்ட இக்கொள்கை, ஒரு தனி ஓட்டுநரின் மருத்துவச் சான்று பரிசீலனையில் நிற்கும்போதும் பொருந்த வேண்டும் அன்றோ?

பிற நாடுகளின் அனுபவம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வணிக வாகன ஓட்டுநர்கள் அதிகப்பட்சம் 24 மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். 2025 ஜூன் 23 முதல் அங்கே புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பரிசோதித்த மருத்துவர் அடுத்த நாள் நள்ளிரவுக்குள் முடிவை மத்தியப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அங்கிருந்து அது மின்வழியாக மாநில உரிம அலுவலகத்தைச் சென்றடையும். ஓட்டுநர் தாளைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. ஆயினும் சில மாநிலங்களின் கணிப்பொறிகள் குறித்த நாளில் ஆயத்தமாகவில்லை. எனவே, மருத்துவர் அளித்த தாள் சான்றையே 15 நாட்கள் வரை ஆதாரமாகக் காட்டலாம் எனத் தற்காலிகத் தளர்வு அளிக்கப்பட்டது. பின்னர் அத்தளர்வு நீட்டிக்கப்பட்டது.

பிரிட்டனில் வேறொரு வழி பின்பற்றப்படுகிறது. அந்நாட்டின் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, முறையாக விண்ணப்பித்துவிட்ட ஓட்டுநர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பரிசீலனை முடியும்வரை வண்டி ஓட்ட இடமளிக்கிறது. மருத்துவர் ஓட்டக்கூடாது என்று கூறியிருந்தால் இச்சலுகை இல்லை. உடற்தகுதியைப் பற்றிய ஐயமும் அலுவலகத் தாமதமும் இரு வேறு பொருள்கள் என்பதை அச்சட்டம் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவதாக, நினைவூட்டல். உரிமம் முடியும் நாள் அமைப்பில் பதிவாகியே இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன்னரே ஓட்டுநரின் தாய்மொழியில் செய்தி அனுப்பினால், பருவகால நெருக்கடிக்கு முன்னரே பலர் விண்ணப்பிப்பர். பாகாலா வட்டாரத்தில் தெலுங்கிலும் தமிழிலும் இச்செய்தி செல்வது நலம்.

இரண்டாவதாக, முன்சரிபார்ப்பு. பெயரும் பிறந்த நாளும் பொருந்தாவிட்டால், கட்டணம் பெறுமுன்னரே அதனைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஆந்திரத்தில் 2011-இல் தொடங்கப்பட்ட மீசேவா மையங்களும், 2019-இல் அமைக்கப்பட்ட கிராம, வார்டு செயலகங்களும் மக்களுக்கு அருகில் உள்ளவை. இத்தகைய இடங்களிலேயே படிவங்களைச் சரிபார்த்து அனுப்பினால் திரும்பும் விண்ணப்பங்கள் குறையும்.

மூன்றாவதாக, மருத்துவர் பதிவேற்றத்திற்குக் காலவரையறை. பரிசோதித்த நாளிலோ மறுநாளிலோ முடிவு ஏற்றப்பட வேண்டும். நேரடிப் பதிவு செய்துகொண்ட மருத்துவர்களின் எண்ணிக்கை சிற்றூர்களிலும் போதுமான அளவில் இருக்க வேண்டும். இல்லையேல் காத்திருப்பைத் தவிர்க்க, பரிசோதனையின்றியே சான்று தேடும் தீய வழக்கம் தலைதூக்கும்.

நான்காவதாக, நிலையை வெளிப்படையாகக் காட்டுதல். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே சொல் எதையும் தெரிவிப்பதில்லை. எந்தப் படியில், எத்தனை நாட்களாக, யாருடைய செயலுக்காக விண்ணப்பம் நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணைக் கொண்டு எவரும் அறிய இயல வேண்டும். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் மறுக்கவும் படாமல் ஏற்கவும் படாமல் நிற்கும் விண்ணப்பத்திற்கு அப்பிரிவு துணை செய்வதில்லை. பொதுச் சேவைகளைக் குறித்த காலத்தில் வழங்கும் உறுதியை 2010-இல் மத்தியப் பிரதேசம் முதன்முதலாகச் சட்டமாக்கியது. அத்தகைய காலவரையறை உரிமப் பணியின் ஒவ்வொரு படிக்கும் தேவை.

ஐந்தாவதாக, இடைக்காலச் சீட்டு. காலாவதிக்கு முன்னரே விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனையிலும் தகுதி பெற்றுவிட்ட ஓட்டுநருக்கு, பரிசீலனை முடியும்வரை குறுகிய காலத்திற்குச் செல்லுபடியாகும் ஒப்புகைச் சீட்டு வழங்குவது பற்றிச் சட்டம் இயற்றுவோர் சிந்திக்கலாம். தகுதி பெறாதவர்க்கு இது பொருந்தாது; ஆகவே சாலைப் பாதுகாப்பிற்கும் ஊறு நேராது.

ஓட்டுநர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஓராண்டு முன்னரே விண்ணப்பிக்கச் சட்டம் இடமளித்திருக்கும்போது கடைசி வாரம் வரை காத்திருப்பது அறிவுடைமையாகாது. ஓட்டுநர் சங்கங்களும் வண்டி உரிமையாளர்களும் தம்மிடமுள்ள உரிமங்களின் முடிவு நாட்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்வது இருசாராருக்கும் நன்மை தரும்.

முடிவுரை

கணிப்பொறி வந்தபின் வரிசைகள் மறைந்துவிட்டன என்று எண்ணுவது பிழை. அலுவலக வாயிலில் நின்ற வரிசை கண்ணுக்குத் தெரிந்தது; அதன் நீளத்தைக் கண்டு அதிகாரி கூடுதல் ஆளை அமர்த்தினார். இன்றைய வரிசையோ கண்ணுக்குத் தெரியாதது. அதில் நிற்பவர் பாகாலாவில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; அவரது லாரியை வேறொருவர் ஓட்டிச் செல்கிறார். கண்ணுக்குத் தெரியாத இந்த வரிசையை நாள்தோறும் எண்ணிப் பார்த்து, அதன் நீளத்திற்குப் பொறுப்பேற்கும் நிர்வாகமே இணையவழிச் சேவையின் முழுப் பயனையும் மக்களுக்கு அளிக்க வல்லதாகும்.